பிரிவிலும் ஒரு நன்முறை: விவாகரத்துக் குடும்பங்களின் நடுவில் நிற்பவர்கள்

கணவன் மனைவிக்கிடையில் பிணக்கு என்று கேள்விப்பட்டால் நம்ம ஊர்களில் முதலில் வருகிற கேள்வி, "யாரில பிழை?" என்பதுதான். அல்குர்ஆன் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கவில்லை. இருவருக்கிடையில் பிளவு வருமென்று அஞ்சினால் அவன் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் அவள் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் அனுப்புமாறு சூரா அந்நிஸாவின் 35ஆம் வசனம் பணிக்கிறது. அவர்கள் இணக்கத்தை நாடினால் அல்லாஹ் இணக்கத்தை உண்டாக்குவான் என்றும் ஆறுதல் சொல்கிறது. பிளவு முற்றும் முன்பே தலையீடு, இரு பக்கத்துக்கும் சம இடம், நடுவரின் நிய்யத் ஆகிய மூன்றையும் அந்த ஒரே வசனம் பேசி முடித்துவிடுகிறது.

அந்த நடுவர் வேலை இன்று உலகின் பல நாடுகளில் முறையான பயிற்சியுள்ள ஒரு தொழிலாக வளர்ந்திருக்கிறது. குடும்ப மத்தியஸ்தர் என்று அவரைச் சொல்கிறார்கள். சிலர் உளவளத்துணையாளராகவும் மத்தியஸ்தராகவும் இரு துறையிலும் தேர்ந்தவர்கள். பிரியப் போகும் குடும்பத்தை ஒரு ஒழுங்கோடு, பிள்ளைகள் நொறுங்கிப்போகாமல் கரைசேர்ப்பது அவர்கள் பணி. அது எப்படி நடக்கிறது, நமது ஷரீஅத்திலும் இலங்கைச் சட்டத்திலும் அதற்கு என்ன இடம் உண்டு, கடுகண்ணாவை போன்ற ஊர்களில் நமக்கு எது சாத்தியம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று வேலைகள், மூன்று ஆட்கள்

நம்மிடையே குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. நீதிபதி, மத்தியஸ்தர், உளவளத்துணையாளர் ஆகிய மூவரின் வேலையையும் ஒரே ஆளின் தலையில் கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அந்த ஆள் பள்ளி நிர்வாகத்தில் ஒரு ஹாஜியாராக இருப்பார், அல்லது குடும்பத்தில் குரல் உயர்ந்த ஒரு மாமாவாக இருப்பார்.

நீதிபதி முடிவு சொல்பவர். சாட்சியத்தைக் கேட்டு, சட்டத்தைப் பார்த்து, "இது இவருக்கு, அது அவருக்கு" என்று தீர்ப்பார். அவருடைய முடிவை இருவரும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஏற்க வேண்டும்.

மத்தியஸ்தருக்கு முடிவு சொல்லும் அதிகாரம் கிடையாது. முடிவுக்கு இருவரும் வந்து சேருவதற்கான பாதையை ஒழுங்கு செய்வது அவர் வேலை. யார் முதலில் பேசுவது, எதைப் பேசுவது, எதைப் பேசாமல் விடுவது என்பவற்றை அவர் நடத்துவார். உடன்பாடு கணவன் மனைவியின் சொந்தச் சொத்து.

உளவளத்துணையாளர் மனசோடு வேலை செய்பவர். கோபம், அவமானம், தூக்கமின்மை, "இனி என்ட வாழ்க்கை முடிஞ்சி" என்ற எண்ணம் இவற்றோடு ஒருவர் எப்படி அன்றாடத்தைக் கொண்டு நடத்துவது என்று கூட இருந்து உதவுபவர். சிலவேளை அவருடைய உதவியால் குடும்பம் மீண்டும் சேரும். சேராதபோது, பிரிவைத் தாங்கிக்கொள்ளும் பலத்தை அவர் உண்டாக்குவார்.

ஒரே ஆளிடம் இரண்டு பயிற்சியும் இருக்கலாம். ஆனாலும் ஒரே குடும்பத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு தொப்பியையும் அணிவதை இத்துறையினர் தவிர்க்கிறார்கள். மனைவியின் அந்தரங்க வேதனையை மாதக்கணக்கில் கேட்டவர், நாளை அவளுக்கும் கணவனுக்கும் நடுவில் சமமாக உட்கார முடியாது. உட்கார்ந்தாலும் கணவன் நம்பமாட்டான்.

நவீன விவாகரத்து மத்தியஸ்தத்தின் முன்னோடிகளில் ஒருவராகக் கருதப்படும் ஓ. ஜே. கூக்லர் அமெரிக்காவின் அட்லாண்டா நகரைச் சேர்ந்த சட்டத்தரணி. குடும்ப உளவளத்துணையும் செய்தவர். நீதிமன்ற விவாகரத்தின் கசப்பைத் தன் சொந்த வாழ்க்கையில் அனுபவித்த அவர், 1970களின் நடுப்பகுதியில் குடும்ப மத்தியஸ்த நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1978இல் அதுபற்றி நூலும் எழுதினார். 1981இல் கலிபோர்னியா மாநிலம், பிள்ளைப் பராமரிப்பு வழக்குகளில் நீதிமன்ற விசாரணைக்கு முன் மத்தியஸ்தத்தைக் கட்டாயமாக்கியது. இத்துறை உலகெங்கும் பரவியது அதன் பின்புதான்.

நடுவர் பற்றி நமது மரபு

மேற்கில் ஐம்பது வருடத்துக்கு முன் கண்டுபிடித்த விஷயம்போல இது தெரியலாம். நமது மரபில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு.

உஸ்மான் (ரழி) அவர்களது ஆட்சிக் காலத்தில் அகீல் இப்னு அபீ தாலிப் (ரழி), அவரது மனைவி பாத்திமா பின்த் உத்பா ஆகியோருக்கிடையில் பிணக்கு முற்றியது. கலீஃபா இரு நடுவர்களை அனுப்பினார். கணவன் பக்கத்துக்கு இப்னு அப்பாஸ் (ரழி). மனைவி பக்கத்துக்கு முஆவியா (ரழி). இப்னு அப்பாஸ் பிரித்துவிடும் எண்ணத்தோடு இருந்தார். முஆவியா சேர்த்து வைக்கும் எண்ணத்தோடு இருந்தார். இருவரும் வீட்டுக்குப் போனபோது கதவு உள்ளே பூட்டியிருந்தது. கணவனும் மனைவியும் தங்களுக்குள்ளேயே சமாதானமாகிவிட்டிருந்தார்கள். தஃப்ஸீர் நூல்கள் இச்சம்பவத்தை 4:35 வசனத்தின் விளக்கத்தில் சொல்கின்றன. நடுவர் வருகிறார் என்ற செய்தியே சிலவேளை பாதி மருந்து என்பது இதில் விளங்குகிறது.

நடுவருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதில் மத்ஹபுகளுக்கிடையில் கருத்து வேறுபாடு உண்டு. மாலிகி மத்ஹபில் நடுவர்கள் நீதிபதிகளைப் போன்றவர்கள். சேர்க்கவும் பிரிக்கவும் அவர்களால் முடியும். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து, நடுவர்கள் கணவன் மனைவியின் வகீல்கள் என்பதாகும். கணவனின் சம்மதமின்றி அவன் சார்பில் தலாக் சொல்லவோ, மனைவியின் சம்மதமின்றி அவள் சார்பில் குல்உவுக்கு உடன்படவோ அவர்களுக்கு அதிகாரமில்லை. இன்றைய மத்தியஸ்தக் கோட்பாட்டின் முதல் விதியும் கிட்டத்தட்ட இதுவே. சம்மதம் அவர்களுடையது, நடுவருடையதில்லை.

இதற்கு மேலான உதாரணம் பரீரா (ரழி) அவர்களின் சம்பவம். அடிமைத்தளையிலிருந்து விடுதலையானதும் கணவர் முகீஸைப் பிரிந்துவிடும் உரிமை அவருக்குக் கிடைத்தது. பிரிந்தும்விட்டார். முகீஸ் மதீனாவின் தெருக்களில் அழுதுகொண்டே அவர் பின்னால் திரிந்தார். திரும்பிப் போகலாமே என்று நபி (ஸல்) அவர்கள் பரீராவிடம் சொன்னார்கள். இது கட்டளையா என்று அவர் கேட்டார். கட்டளையில்லை, பரிந்துரை மட்டுமே என்றார்கள் நபியவர்கள். அப்படியென்றால் எனக்கு அவர் தேவையில்லை என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார். நபியவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள், கோபிக்கவில்லை, வற்புறுத்தவில்லை. ஸஹீஹுல் புகாரியில் இருக்கும் இந்தச் செய்தியை ஒவ்வொரு பள்ளி நிர்வாகமும் சமாதானக் கூட்டத்துக்கு முன் ஒருமுறை வாசிக்க வேண்டும். அல்லாஹ்வின் தூதரே பரிந்துரையோடு நின்ற இடத்தில், "ஊர்ப் பெரியவங்க செல்றோம், நீ போய்த்தான் ஆகணும்" என்று ஒரு புள்ளையை அதட்ட நமக்கு என்ன உரிமை?

சட்டம் தரும் இடம்

இலங்கை முஸ்லிம்களின் குடும்பச் சட்டத்துக்கு எழுத்து வடிவில் இருநூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1806ஆம் ஆண்டின் முஹம்மதியச் சட்டக் கோவை முதலில் கொழும்பு மாகாண முஸ்லிம்களுக்கே உரியதாயிருந்தது. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம் அது கண்டிப் பிரதேசங்களுக்கும் விரிந்தது. காதி முறைமைக்கு அடித்தளமிட்ட 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் 1937இல் நடைமுறைக்கு வந்தது. இன்று நடைமுறையில் உள்ளது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம்.

கணவன் தலாக் சொல்ல விரும்பினால் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி நடக்க வேண்டும். முதலில் காதிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். உறவினர், ஊர்ப் பெரியவர்கள், செல்வாக்குள்ள முஸ்லிம்கள் ஆகியோரின் உதவியோடு இருவரையும் இணக்க முயல்வது காதியின் கடமை. 30 நாட்களுக்குள் இணக்கம் வராவிட்டால்தான் காதிக்கும் இரு சாட்சிகளுக்கும் முன்னால் தலாக் சொல்லலாம். அதன் பிறகும் மீளச் சேர்வதற்கான அவகாசம் உண்டு. அதுவும் கடந்த பின்னரே விவாகரத்துப் பதியப்படும். அந்த 30 நாட்கள் சட்டம் நமக்குத் தந்திருக்கும் மத்தியஸ்த காலம். நடைமுறையில் அது எப்படிக் கழிகிறது? இரண்டு தவணை, ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், வெளியே வரிசையில் இன்னும் பத்துக் குடும்பம். காதிமார் மேல் குற்றம் சொல்லி இதை முடித்துவிட முடியாது. முழுநேரச் சம்பளமோ, முறையான கட்டடமோ, உளவளத்துணையில் பயிற்சியோ இல்லாமல்தான் அவர்களில் பலர் இந்தப் பாரத்தைச் சுமக்கிறார்கள்.

மனைவி கோரும் பஸ்ஹ் விவாகரத்து மூன்றாம் அட்டவணைக்குரியது. அங்கே காதியோடு மூன்று முஸ்லிம் ஜூரிகள் அமர்வார்கள். காதிமுன் சட்டத்தரணிகள் தோன்றிப் பேச இடமில்லை. அதாவது ஒரு பெண், தன் படுக்கையறை வரை போகக்கூடிய விஷயங்களை நான்கு ஆண்களுக்கு முன்னால் தனியே நின்று சொல்ல வேண்டும். எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது, எந்த ஆவணத்தைக் கொண்டுபோவது என்று முன்கூட்டியே அவளோடு உட்கார்ந்து பேச ஒரு பெண் உளவளத்துணையாளர் இருந்தால் அந்த நாள் வேறு விதமாக இருக்கும்.

காதிக்கு இல்லாத அதிகாரங்களையும் தெரிந்துவைக்க வேண்டும். பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்ற பிரச்சினை காதி நீதிமன்றத்துக்குரியதல்ல. அது மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிறது. தாபரிப்புப் பணம் ஒழுங்காக வராவிட்டால் அறவிட நீதவான் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கிறது. ஆக, ஒரே குடும்பம் மூன்று நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கும். காணிப் பிரச்சினை இருந்தால் இன்னும் ஒரு வழக்கு. இந்த அலைச்சலைக் குறைக்க ஒரே வழி, எல்லாவற்றையும் ஒரே மேசையில் பேசி எழுத்தில் உடன்படுவதுதான்.

நம் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பங்களின் நிலையையும் பார்ப்போம். 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் திருமணம் முடித்தவர்கள் இருவரும் உடன்பட்டால், நீதிமன்றம் போகாமல் மாவட்டப் பதிவாளர் மூலமாகவே விவாகரத்துப் பெறலாம். பொதுச் சட்டத்தின் கீழ் முடித்தவர்களுக்கு அந்த வசதியில்லை. அவர்கள் மாவட்ட நீதிமன்றத்தில் விபசாரம், கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல் போன்ற குற்றம் ஒன்றை நிரூபிக்க வேண்டும். பிழை தேடும் சட்டம், பிரிந்த பின்னும் பகையைக் கூட வைத்திருக்கிறது. நமது ஷரீஅத்தில் முபாறாஆ என்ற பெயரில் இருவரும் உடன்பட்டுப் பிரியும் வழி திறந்தே இருக்கிறது. அதை நாடுவோர் குறைவு. காரணம், அதற்கு முதலில் இருவரையும் பேச வைக்க ஓர் ஆள் தேவை.

மத்தியஸ்தம் எப்படி நடக்கிறது?

கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன் கட்டாரில் ஏழு வருடம். மனைவி, தன் வாப்பா கொடுத்த வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு. மூத்தவனுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு ஐந்து. வீட்டின் மேல்மாடி கணவன் அனுப்பிய காசில் கட்டியது. நகைகள் அடகில். இருவரும் இனிச் சேர்ந்து வாழப்போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள்.

பயிற்சி பெற்ற மத்தியஸ்தர் முதலில் இருவரையும் தனித்தனியே சந்திப்பார். அடி, மிரட்டல், பயம் ஏதும் உண்டா என்று மெதுவாக விசாரிப்பார். இருந்தால் அந்த இடத்திலேயே மத்தியஸ்தத்தை நிறுத்திவிடுவார். இல்லையென்றால் விதிகளைச் சொல்வார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. மாமியோ நாநாவோ கூட்டத்தில் இருப்பதில்லை. இங்கே பேசியது வெளியே போவதில்லை. எந்தச் சொத்தையும் எந்தக் கடனையும் மறைப்பதில்லை.

அடுத்து, பேச வேண்டியவற்றின் பட்டியல். மஹர் பாக்கி, கைக்கூலி, நகை, மேல்மாடி, இத்தாக் காலச் செலவு, மதாஉ, பிள்ளைகளின் தாபரிப்பு, பள்ளிக்கூடம், பெருநாள் யாரோடு, வாப்பா லீவில் வந்தால் எங்கே சந்திப்பது. இலேசானதை முதலில் எடுப்பார்கள். இரண்டு விஷயத்தில் உடன்பட்டுப் பழகிய வாய், மூன்றாவது விஷயத்தில் கொஞ்சம் மெதுவாகப் பேசும்.

பிறகு மேல்மாடி வரும். "என்ட ரத்தத்தக் கொட்டிக் கட்டின மாடி" என்பான் கணவன். "வாப்பாட காணியில கட்டினது, ஒரு கல்லும் தர மாட்டன்" என்பாள் மனைவி. இவை இருவரின் நிலைப்பாடுகள். மத்தியஸ்தர் அவற்றின் பின்னால் இருக்கும் தேவையைத் தேடுவார். "மாடி கிடைச்சா நீங்க அங்க இருக்கப் போறீங்களா?" என்று கேட்பார். இல்லை. அவனுக்கு வேண்டியது, ஏழு வருட உழைப்பு வீணாகவில்லை என்ற உறுதியும், லீவில் வரும்போது பிள்ளைகளைத் தலைநிமிர்ந்து சந்திக்க ஓர் இடமும். அவளுக்கு வேண்டியது, தலைக்கு மேல் கூரை நாளைக்கும் இருக்கும் என்ற நிம்மதி. தேவைகள் வெளியே வந்தபின் வழிகள் திறக்கின்றன. செலவை மதிப்பிட்டு ஒரு பகுதியைத் தவணையில் திருப்பிக் கொடுக்கலாம். மீதியை அவன் பிள்ளைகள் பேரில் நன்கொடையாக எழுதலாம். எது என்பதை அவர்களே தெரிவார்கள். பேச்சு முட்டி நின்றால் மத்தியஸ்தர் மீண்டும் ஒவ்வொருவராகத் தனியே அழைத்துப் பேசுவார்.

கடைசியில் எல்லாம் எழுத்தில். தொகை, திகதி, வங்கிக் கணக்கு, தவறினால் என்ன செய்வது என்பது வரை. "நான் பார்த்துக் குடுப்பன்" என்ற வாய்ப்பேச்சு உடன்பாடாகாது. கையெழுத்துக்கு முன் ஆளுக்கொரு சட்டத்தரணியிடமோ அறிந்த ஒருவரிடமோ காட்டி விளங்கிக்கொள்ள இருவருக்கும் அவகாசம் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகளின் பக்கம்

எந்த ஆசிரியரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். வீட்டில் பிளவு வந்த செய்தி பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு முன்பே அது பிள்ளையின் கொப்பியில் வந்துவிடும். எழுத்து கலையும். வீட்டுவேலை நிற்கும். நல்லாக் கதைத்துத் திரிந்த புள்ள ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்துவிடும். பெற்றோர் கூட்டத்துக்கு யார் வருவது என்று கேட்டால் தலையைக் குனியும்.

அமெரிக்க உளவியலாளர் ஜூடித் வாலர்ஸ்டைன் 1971இல் கலிபோர்னியாவில் விவாகரத்தான 60 குடும்பங்களின் 131 பிள்ளைகளைப் பின்தொடரத் தொடங்கி, கால் நூற்றாண்டு வரை அவர்களைத் தொடர்ந்து சந்தித்தார். வயதுக்கேற்ப வேதனை வேறு உருவம் எடுப்பதை அந்த ஆய்வு காட்டியது. சின்னஞ்சிறுசுகள் விட்ட பழக்கங்களுக்குத் திரும்புவார்கள். படுக்கையில் சிறுநீர் கழிப்பார்கள், தாயை விட்டு நகரமாட்டார்கள். ஆறேழு வயதில் ஏக்கம். வாப்பா வருவார் என்று காத்திருத்தல். ஒன்பது பத்து வயதில் கோபம். ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு மற்றவரை வெறுப்பது. குமருகளும் இளைஞர்களும் வெளியே சிரித்து உள்ளே ஒதுங்குவார்கள்.

விவாகரத்து என்ற ஒரு நிகழ்வைவிட அதன் முன்னும் பின்னும் நீளும் பெற்றோரின் சண்டைதான் பிள்ளையை அதிகம் நோகடிக்கிறது என்பதில் பின்வந்த ஆய்வாளர்கள் பெரிதும் உடன்படுகிறார்கள். வெர்ஜீனியாவில் ரொபர்ட் எமரி என்ற உளவியலாளர், பிள்ளைப் பராமரிப்புக்காக நீதிமன்றம் வந்த குடும்பங்களில் சிலவற்றை மத்தியஸ்தத்துக்கும் சிலவற்றை வழமையான வழக்குக்கும் குலுக்கல் முறையில் அனுப்பினார். மத்தியஸ்தம் எடுத்தது சில மணித்தியாலங்களே. 12 வருடத்துக்குப் பின் பார்த்தபோது, பிள்ளையோடு சேர்ந்து வாழாத பெற்றோரில் மத்தியஸ்தத்துக்குப் போனவர்களில் 28 வீதத்தினர் வாரந்தோறும் பிள்ளையைச் சந்தித்து வந்தார்கள். வழக்காடியவர்களில் அது 9 வீதம் மட்டுமே.

சூரா அல்பகராவின் 233ஆம் வசனம் பிள்ளையின் பாலூட்டல் பற்றிப் பேசுகிறது. பால் மறக்கச் செய்வதைக்கூடத் தாயும் தகப்பனும் ஒருவரோடொருவர் ஆலோசித்து, இருவரும் விரும்பிச் செய்ய வேண்டும் என்கிறது. பிள்ளையைக் கொண்டு தாய்க்கோ தகப்பனுக்கோ தீங்கு செய்யக்கூடாது என்கிறது. பிரிந்துபோன பெற்றோரையும் உள்ளடக்கியே முஃபஸ்ஸிர்கள் இதை விளக்குகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் பிள்ளை தம்யீஸ் பருவம் அடையும் வரை தாயிடம் வளர்வதும், அதன்பின் பிள்ளையின் விருப்பம் கேட்கப்படுவதும் பிள்ளையின் நலனை நாடித்தான்.

உளவளத்துணையாளர்கள் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கும் விஷயங்கள் கேட்பதற்கு இலேசானவை. பிரியப்போகும் செய்தியை முடிந்தால் இருவரும் சேர்ந்தே பிள்ளையிடம் சொல்லுங்கள். "இது உன்ட பிழையில்ல" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், ஏனென்றால் பிள்ளைகள் தங்களைத்தான் குற்றவாளியாக நினைக்கிறார்கள். "வாப்பாட்ட போய் காசு கேளு" என்று பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். "உம்மா யாரோட கதைக்கிறா?" என்று உளவு கேட்காதீர்கள். வாப்பும்மா வீட்டுக்குப் போகிற வழக்கத்தை வெட்டாதீர்கள். இவற்றில் எதையும் கோபத்தில் கொதிப்பவர் செய்ய முடியாது. அதனால்தான் பெற்றோரின் காயத்துக்கு முதலில் ஒருவர் மருந்து கட்ட வேண்டியிருக்கிறது.

இத்தாவைப் பற்றியும் இங்கே யோசிக்க வேண்டும். மீட்டுக்கொள்ளக்கூடிய தலாக்கின்போது மனைவியை அவளிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்ற வேண்டாம் என்று சூரா அத்தலாக்கின் முதல் வசனம் தடுக்கிறது. அதற்குப் பிறகு அல்லாஹ் ஒரு புதிய நிலையை உண்டாக்கக்கூடும் என்ற நம்பிக்கையும் அங்கேயே இருக்கிறது. நம்மிடையே தலாக் என்ற பேச்சு எழுந்த அன்று இரவே பெட்டியோடு உம்மா வீட்டுக்கு. ஆறுவதற்கென்று அல்லாஹ் தந்த மூன்று மாதத்தை, இரண்டு வீட்டாரும் பேசிப் பேசிக் கோபத்தை ஏற்றுவதில் கழிக்கிறோம்.

மத்தியஸ்தம் கூடாத இடம்

சமாதானம் நல்லது. எல்லா இடத்திலும் அது நல்லதில்லை. கைநீட்டும் கணவனுக்கும் பயத்தில் நடுங்கும் மனைவிக்கும் நடுவில் சமமான பேச்சு நடக்காது. மேசையில் அவள் தலையாட்டுவது சம்மதமாகாது. வீடு போனதும் என்ன நடக்கும் என்ற கணக்கு அது. போதைப் பழக்கம் முற்றிய இடத்திலும், பிள்ளைமேல் துன்புறுத்தல் நடக்கும் இடத்திலும் இதே நிலைதான்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் முஸ்லிம் பெண்களுக்கும் உரியது. நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையையும், பின்னர் 12 மாதம் வரையான பாதுகாப்புக் கட்டளையையும் பெறலாம். இதற்காக விவாகரத்துக் கோர வேண்டிய அவசியமில்லை. பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938. சிறுவர்களுக்கு 1929. மனநல உதவிக்கு 1926. பள்ளி அறிவித்தல் பலகையில் தொழுகை நேரத்துக்குப் பக்கத்தில் இந்த மூன்று இலக்கங்களையும் ஒட்டிவைப்பதற்கு யாருடைய பத்வாவும் தேவையில்லை.

நம்ம ஊரில் என்ன செய்யலாம்?

சட்டத் திருத்தம் பற்றிய பேச்சு நெடுங்காலமாக நடக்கிறது. நீதியரசர் ஸலீம் மர்ஸூப் தலைமையில் 2009இல் நியமிக்கப்பட்ட குழு தன் அறிக்கையை 2018இல்தான் கையளித்தது. அதன் பின்னும் விவாதம் ஓயவில்லை. சட்டம் மாறட்டும், மாறாதிருக்கட்டும். மத்தியஸ்தத்தை ஒழுங்கு செய்வதற்குப் பாராளுமன்றம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அரசாங்க வசதிகள் சில கையருகிலேயே உண்டு. கடுகண்ணாவை அடங்கும் யட்டிநுவர உட்பட, பிரதேச செயலக மட்டத்தில் உளவளத்துணைச் சேவையை நாடலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான மத்தியஸ்த சபைகளும் நாடெங்கும் இயங்குகின்றன. அங்கே ஒவ்வொரு தரப்பும் ஒரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்கிறது. அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவு செய்கிறார்கள். 4:35 வசனத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது. அந்தச் சபை விவாகரத்துத் தர முடியாது. ஆனால் அங்கே பயிற்சி பெற்ற மத்தியஸ்தர்களில் ஓய்வுபெற்ற அதிபர்களும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். நம்மவர்கள் அந்தப் பயிற்சிக்கு முன்வர வேண்டும்.

மற்ற நாட்டு முஸ்லிம்களின் அனுபவமும் நம் முன்னால் இருக்கிறது. சிங்கப்பூரில் ஷரீஆ நீதிமன்றத்துக்கு விவாகரத்துக் கோரிப் போகுமுன் உளவளத்துணைக்குப் போக வேண்டும். பிறகு மத்தியஸ்தம். தேவைப்பட்டால் நீதிமன்றமே ஹகம்களை நியமிக்கும். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் 2002 முதல் ஷரீஆ நீதிமன்றங்களில் ஸுல்ஹ் அதிகாரிகள் இருக்கிறார்கள். வழக்கு நீதிபதியிடம் போகுமுன் அவர்கள் இருதரப்பையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். நீதிபதியும் மத்தியஸ்தரும் வேறு வேறு ஆட்கள் என்பதே அங்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

ஒரு ஜமாஅத் அளவில் செய்யக்கூடியவை இவை. ஊரில் நம்பிக்கைக்குரிய நான்கு ஆண்களையும் நான்கு பெண்களையும் தெரிந்தெடுத்து மத்தியஸ்தப் பயிற்சிக்கு அனுப்புதல். அவர்களில் ஒரு மௌலவி, ஓர் ஆசிரியை, ஒரு தாதி, சட்டம் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். பள்ளியின் பிரதான மண்டபத்தில் பத்துப் பேருக்கு முன் பேசவைக்காமல், தனி வாசலுள்ள ஓர் அறையை ஒதுக்குதல். நெருங்கிய சொந்தக்காரர் அந்த வழக்கில் அமராதிருத்தல். பேசியதை வெளியே கொண்டுபோகமாட்டோம் என்று கையெழுத்திட்டு வாங்குதல். ஒரு குடும்பத்துக்குக் குறைந்தது மூன்று அமர்வு. உடன்பாட்டைக் காதிக்கு எழுத்தில் கையளித்தல். பிரிந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளின் நிலைமையை விசாரித்தல். இதற்கான செலவு, வருடாந்தக் கந்தூரிச் செலவில் சிறு பங்குதான்.

பெண்கள் அந்தக் குழுவில் இருப்பது பற்றிச் சிலர் தயங்கலாம். காதி நியமனம் பற்றிய சட்ட விவாதம் ஒரு பக்கம் நடக்கட்டும். ஒரு பெண்ணின் வேதனையைக் கேட்க இன்னொரு பெண் வேண்டும் என்பதற்கு அந்த விவாதம் முடியும் வரை காத்திருப்பது நியாயமில்லை.

நல்ல முறையில் வைத்துக்கொள்வது அல்லது அழகிய முறையில் விட்டுவிடுவது என்ற இரண்டு வழிகளையே சூரா அல்பகரா 229ஆம் வசனம் முன்வைக்கிறது. முதலாவதற்கு நாம் எத்தனையோ பயான்களை ஒதுக்கியிருக்கிறோம். இரண்டாவதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. அழகிய முறையில் விடுவதென்றால் அதில் கணக்குத் தீர்த்தல் உண்டு, மானம் காத்தல் உண்டு, பிள்ளைக்கு இரண்டு வீட்டு வாசலும் திறந்திருத்தல் உண்டு. காயப்பட்ட இருவர் தனியே இதைச் செய்துகொள்வது கஷ்டம். அடுத்த பள்ளி நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விஷயமாகச் சேர்க்கும்படி யாராவது ஒருவர் எழுந்து கேட்டால், வேலை அன்றைக்கே தொடங்கிவிடும்.